பெயரில்லாத கல்லுக்கு வைத்த சோறு

என் ஆத்தாவின் கழுத்தில் கிடந்த தாலியைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கட்சி இருந்தது. அது கிடக்கலாம் என்பது ஒரு கட்சி. கிடக்கக் கூடாது என்பது இன்னொன்று. நான் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்து, பிள்ளை பெற்று, என் வீட்டுக்காரரைச் சாகக் கொடுத்து, துபாய்க்குச் சமையலுக்குப் போன நாள் வரைக்கும் அந்த வழக்கு தீரவில்லை.

என் அய்யா மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். ஆத்தாவும் அவரோடு அங்கேதான் இருந்தாள். நான் வயிற்றில் இருந்தபோது பேறுகாலத்துக்கென்று அவளை ஊருக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். பின்னாலேயே சண்டை வந்துவிட்டது. கப்பல் நின்றது, தபால் நின்றது, பணம் நின்றது. சண்டை ஓய்ந்து கொஞ்ச காலம் கழித்து அதே தோட்டத்தில் இருந்த ஒருவர் எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார். ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களை ரயிலில் அடைத்துச் சயாமுக்குக் கொண்டுபோய், மலையும் காடுமாகக் கிடந்த ஆற்றங்கரையில் ரயில் ரோடு போட வைத்தான் என்று அவர்தான் சொன்னார். அய்யா வாந்திபேதி கண்டு ஒரு கொட்டகையில் கிடந்தாராம். ஒரு வாய் சோறு கிடைக்குமா என்று கேட்டாராம். சொன்னவரையும் கூட இருந்தவர்களையும் மறுநாளே அடுத்த முகாமுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டார்களாம்.

"செத்துட்டாரா?" என்று ஆத்தா கேட்டாள்.

"நான் கண்ணால பாக்கலத்தா" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் ஆத்தா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் ஆள் வராவிட்டால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து கொள்ளிவைத்துக் கருமாதி பண்ணிவிடலாம் என்று பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். "கண்ணால பாத்த ஒருத்தனக் கூட்டிட்டு வாங்க, கழத்துறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பொட்டு வைப்பாள், பூ வைக்க மாட்டாள். கல்யாண வீட்டில் ஆலத்தி சுற்றக் கூப்பிட மாட்டார்கள், இழவு வீட்டில் தாலி அறுத்தவர்களோடும் உட்கார விட மாட்டார்கள். ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவாள். தலை குனிந்து வந்து நான் பார்த்ததில்லை. அந்த நிமிர்வு எனக்கும் உண்டு. நான் வேலை பார்த்த வீடுகளில் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆத்தா சாப்பிட உட்கார்ந்தால் முதல் கவளத்தை எடுத்து வட்டில் ஓரமாக வைப்பாள். மற்றதைச் சாப்பிட்டு முடித்துக் கடைசியில் அதையும் அவளே சாப்பிடுவாள். காக்கைக்கு மட்டும் வைக்க மாட்டாள். காக்கைக்குச் சோறு வைத்தால் செத்தவருக்கு வைத்ததாகிவிடும். அமாவாசைக்கு ஊரெல்லாம் கூரையைப் பார்த்துக் கா கா என்று கூப்பிடும்போது எங்கள் வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்.

துபாயில் நான் இருந்தது தேராவில், கீழக்கரைக்காரர் ஒருவர் வீட்டில். கீழே கடையும் மேலே வீடும். முதலாளிக்குக் கல் வியாபாரம். நீலம், சிவப்பு, பச்சை என்று காகிதப் பொட்டலங்களில் மடித்து வைத்திருப்பார். தெரியாதவர் பார்த்தால் மருந்துக்கடைப் பொடி என்று நினைப்பார்கள். அவர் வீட்டம்மா என்னைவிட வயதில் இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நாலாம் கிளாஸோ ஐந்தாம் கிளாஸோ படிக்கிற ஒரு மகள், கைக்குழந்தையாக ஒரு மகன். மகள் எனக்குப் பெரிம்மா என்று பேர் வைத்திருந்தாள். இங்கிலீஷும் அரபியும் தண்ணீர் மாதிரிப் பேசுவாள். தமிழ் மட்டும் கல்லில் இடறி இடறி வரும்.

முதலாளி வருஷத்துக்கு இரண்டு தரம் கல் வாங்கத் தாய்லாந்து போவார். ஒரு தடவை பள்ளிக்கூட லீவில் குடும்பத்தோடு போவது என்று முடிவானது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானும்.

"தாய்லாந்துன்னா எந்தப் பக்கம்மா?" என்று வீட்டம்மாவைக் கேட்டேன்.

"நம்ம பழைய ஆளுங்க சயாம்னு சொல்லுவாங்கல்லக்கா, அதான்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை காலம் அந்தப் பெயர் பூமியில் இருக்கிற இடம் மாதிரியே எனக்குப் பட்டதில்லை. ஆகாயத்தில் எங்கேயோ இருக்கிற ஊர் என்பதுபோல் இருந்தது. அதற்கு ஏரோப்பிளேன் டிக்கெட்டு உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

எங்களுக்குள் அப்போதெல்லாம் கடுதாசியைவிடக் கேசட்டுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கும் எழுத்தே தெரியாத ஆத்தாவுக்கும் அது பெரிய தோது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கட்டட வேலைக்கு வந்து துபாயிலேயே கராமாவில் நாலைந்து பேரோடு ஒரே ரூமில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கடைப்பக்கம் வந்து நின்று பேசிவிட்டுப் போவார். அவர் லீவில் ஊருக்குப் போனபோது, சயாம் போகப்போகிறேன் என்று பேசிய கேசட்டைக் கொடுத்துவிட்டேன். நாங்கள் கிளம்பும் முன்னாலேயே ஆத்தா பேசிய கேசட்டோடு திரும்பி வந்துவிட்டார்.

போட்டுக் கேட்டேன். முதலில் கோழி கத்தியது. பிறகு ஆத்தாவின் குரல், கிணற்றுக்குள் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி.

"இதுக்குள்ள எப்புடிப்பா பேசுறது? மொகமே தெரியலயே."

"சும்மா பேசுங்காத்தா, சுத்திக்கிட்டிருக்கு" என்று அவர் சொல்வதும் விழுந்திருந்தது.

"ஏத்தா, சயாமுக்குப் போறியாம்ல. ஒங்கய்யா கெடந்த எடத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வா. மலைய ஒட்டி ஆறு வளையுற எடம்னு சொன்னாரு அந்த மனுசன். பெரிய மூங்கித்தூரு ஒண்ணு நிக்குமாம். நீ பாத்துட்டு வந்து ஒரு வார்த்த சொல்லு. இருக்காரா, இல்லையா. நீ சொன்னாக் கேட்டுக்கிறேன். ஊருக்காரன் எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன். பெறகு… ஒடம்பு முன்ன மாதிரி இல்ல. தாலியோட போறதா, இல்லாமப் போறதான்னு தெரியாமப் போகக் கூடாதுல்ல." அதற்குப் பிறகு மறுபடியும் கோழி.

நான் என்ன சொல்ல முடியும்? இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த நாட்டில் அவர் உயிரோடு இருப்பதாவது. ஆனாலும் ஆத்தா கேட்டது என்னைத்தான். வேறு யாரையும் கேட்கவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கல்லைப் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா இது, ஆச்சரியமா இருக்கு. நான் நீலக்கல்லு எடுக்கப் போற ஊரே அந்த ஆத்தங்கரைதான். காஞ்சனபுரின்னு பேரு. அங்க ரயில் பாலம் இருக்கு, சண்டையில செத்தவங்கள அடக்கின எடமும் இருக்கு. வெள்ளக்காரனுவ கூட்டங்கூட்டமா வந்து பாக்குறானுவ. கூட்டிட்டுப் போறேன்."

"அடக்கின எடம் இருக்கா மொதலாளி?"

"அழகா வச்சிருக்கானுவம்மா. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கல்லு, கல்லுல பேரு."

அந்த வார்த்தை என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கல், கல்லில் பெயர்.

பாங்காக்கிலிருந்து வேனில் போனோம். ஓட்டிவந்தவர் அந்த ஊர்க்காரர், நடுவயது. முதலாளியோடு அரைகுறை இங்கிலீஷில் பேசுவார், மற்ற எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். வழியெல்லாம் கரும்பும் மரவள்ளியும். எங்கள் ஊர்ப்பக்கம் இப்படித் தண்ணீர் இருந்தால் எவன் மலாயாவுக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குள் நுழைந்ததும் ஆறு தெரிந்தது. பச்சை நிறம், அகலம், சத்தமில்லாத ஓட்டம். தெப்பம் மாதிரி மிதக்கிற கொட்டகைகளில் பாட்டைப் போட்டு ஆடிக்கொண்டே ஆட்கள் ஆற்றில் போனார்கள். முதலாளி மகள் அதைப் பார்த்துக் கை தட்டினாள்.

பாலத்துக்கு முதலில் போனோம். கறுப்பு இரும்புப் பாலம். அதில் நடந்து போய்ப் போட்டோ எடுக்கிறார்கள், ஐஸ் தின்கிறார்கள், பனியன் வாங்குகிறார்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றேன். தண்டவாளத்துக் கட்டைகளில் கால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டம்மா வந்து, "வாங்கக்கா, ஒரு போட்டோ" என்றார். "குழந்தை பயப்படும்மா" என்று சொல்லிவிட்டேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அடக்கின இடம்.

அப்படி ஓர் இடத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வெட்டிவிட்ட பச்சைப் புல். கோடு போட்ட மாதிரி வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள், முழங்கால் உயரம்கூட இல்லை. கல்லுக்குக் கல் நடுவே பூச்செடி. தோட்டக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு பேர்! நான் போய் இறங்கியதும் ஒரு நொடியில் தேடிவிடலாம் என்று நினைத்து வந்திருந்தேன்.

முதலாளி மகளிடம் அய்யாவின் பெயரைச் சொல்லி, "இங்கிலீசுல அந்தப் பேரு எப்படி இருக்கும், பாத்துச் சொல்லு தாயி" என்றேன். அவள் ஒவ்வொரு கல்லாக ஓடினாள். படித்துப் படித்துச் சொன்னாள். எல்லாம் வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்கள். "இவருக்கு இருபத்திரெண்டு வயசு பெரிம்மா. இவருக்கு இருபது." சின்னப் பையன்கள். பாவம், அவர்களைப் பெற்றவளும் எங்கேயோ இருந்திருப்பாள். ஒரு வரிசை, இரண்டு வரிசை, நாலு வரிசை. வெயில் ஏறிவிட்டது. "இன்னும் எத்தன பெரிம்மா?" என்று கேட்டாள். நான் அடுத்த வரிசையைக் காட்டினேன். அவள் மறுபடியும் ஓடினாள்.

ஒரு மரத்தடிப் பக்கம் நின்று கூப்பிட்டாள். "பெரிம்மா, இங்க வாங்க! இதுல பேரே இல்ல. யாருன்னு தெரியாத ஆளாம்."

போய்ப் பார்த்தேன். மற்ற கற்களில் இருந்த அளவு எழுத்து அதில் இல்லை. மரத்து நிழல் அதன்மேல் விழுந்திருந்தது. எங்கள் ஆட்களுக்கு அங்கே யார் பெயர் கேட்டு வைத்திருக்கப் போகிறார்கள்? பெயர் சொல்ல ஆளில்லாமல் போனவர் என்றால் அது இவர்தான். இவ்வளவு தூரம் கடல் தாண்டி, தெரியாத ஊரில், இத்தனை கல்லுக்கு நடுவே என்னை இந்தக் கல்லுக்கு இழுத்து வந்தது யார்? அப்படித்தான் எனக்குத் தோன்றியது. யாராக இருந்தாலும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

குழந்தைக்கென்று தூக்குச்சட்டியில் தயிர்சோறு பிசைந்து எடுத்து வந்திருந்தேன். யோசித்துச் செய்ததில்லை. ஒரு வாய் சோறு கேட்டவர். ஒரு கை அள்ளி அந்தக் கல்லின் காலடியில் வைத்தேன். "அய்யா, சாப்பிடுங்க" என்றேன். பிறந்ததிலிருந்து அய்யா என்ற வார்த்தையை நேருக்கு நேர் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. காக்கை வருகிறதா என்று மரத்தைப் பார்த்தேன். காக்கை இல்லை. இரண்டு மைனா தத்தித் தத்தி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தன.

அதற்குள் வேன்காரரும் முதலாளியும் வந்துவிட்டார்கள். வேன்காரர் சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவர்கள் ஊரிலும் செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற பழக்கம் உண்டு போலிருக்கிறது, பார்த்ததும் புரிந்துகொண்டார். முதலாளியிடம் மெதுவாக என்னமோ சொன்னார். முதலாளி மகளைக் கூப்பிட்டார்.

"அந்தக் கல்லுல என்ன எழுதிருக்கு? முழுசாப் படி."

அவள் குனிந்து படித்தாள். "சண்டையில செத்த ஒரு சோல்ஜர் வாப்பா. பேரு ஆண்டவனுக்குத்தான் தெரியும்னு போட்டிருக்கு."

"சோல்ஜரா?"

"ஆமா, சோல்ஜர்னுதான் இருக்கு."

முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டு பேசினார். "இங்க இருக்கிறது பூராவும் பட்டாளத்துக்காரங்கதானாம்மா. இங்கிலீசுக்காரன், டச்சுக்காரன், ஆஸ்திரேலியாக்காரன். கூலிக்கு வந்த நம்மாளுகளுக்குக் கல்லு கிடையாதுங்குறாரு."

"அப்ப அவங்கள எங்க மொதலாளி அடக்குனாங்க?"

அவர் வேன்காரரைக் கேட்டார். வேன்காரர் கையை நீட்டி ஆறு இருக்கிற பக்கம் காட்டினார், மலை இருக்கிற பக்கம் காட்டினார், பிறகு ரயில் போகிற பக்கமாகக் கையை நீளமாக இழுத்தார். எனக்கு யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு தோட்டக்காரர் வந்து நின்றார். நான் வைத்த சோற்றுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் வேறு பக்கம் வேலை பார்த்தார். நாங்கள் நகர்ந்த பிறகு முறத்தில் அதைத் தள்ளி எடுத்துக்கொண்டார். அவர் வேலை அது, புல்லில் எதுவும் கிடக்கக் கூடாது. நான் திரும்பிப் பார்த்தபோது கல் பழையபடி சுத்தமாக இருந்தது.

வீட்டம்மா என் தோளைத் தொட்டார். "அக்கா, மவுத்தானவங்களுக்கு எங்க வழக்கத்துல ஓதுவோம். உங்க வாப்பாவுக்காக நான் ரெண்டு கையேந்துறேன், வேணாம்னு சொல்லாதீங்க." மரத்தடியில் நின்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓதினார். நான் குழந்தையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்த நல்ல மனசை நான் மறந்ததில்லை. ஆனால் என் ஆத்தா கேட்டது அது இல்லை.

மறுநாள் அருவிக்குப் போக வேண்டும் என்று மகள் பிடிவாதம். அந்த ரயிலிலேயே போகலாம் என்றார் முதலாளி. ஏறி உட்கார்ந்தோம். மரப்பலகை இருக்கை, கண்ணாடியில்லாத ஜன்னல். மலையைச் செதுக்கி ஒட்டவைத்த மாதிரி ஓர் இடத்தில் ரயில் கட்டைப் பாலத்தின்மேல் நத்தை மாதிரி ஊர்ந்தது. ஒரு பக்கம் கைக்கெட்டுகிற பாறை, மறுபக்கம் கீழே ஆறு. எல்லோரும் எழுந்து போட்டோ எடுத்தார்கள். நான் கீழே பார்த்தேன். ஆறு வளைந்தது. மலையை ஒட்டி வளைந்தது. கரையில் பெரிய மூங்கில் தூர்.

"மொதலாளி! வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. எடம் இதான். ஆத்தா சொன்ன எடம்."

அவர் எட்டிப் பார்த்தார். "இங்க நிக்காதும்மா. அடுத்த டேசன் வரட்டும்."

அடுத்த ஸ்டேஷனுக்கு முன்னால் ஆறு மறுபடி வளைந்தது. அங்கேயும் மலை, அங்கேயும் மூங்கில். அதற்கடுத்த வளைவிலும் மூங்கில். பிறகு நான் எண்ணவில்லை. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே போனேன். அந்த ஆற்றுக்கு வளைவதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்தக் காட்டில் மூங்கிலைத் தவிர வேறு மரம் கொஞ்சம்.

ஸ்டேஷன் வந்ததும் முதலாளி என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "எறங்கணும்னா எறங்குவோம்மா. எனக்கு ஒண்ணுமில்ல, கல்லுக்காரனை நாளைக்குப் பாத்துக்கலாம். எங்கன்னு போறது? நீயே சொல்லு."

எங்கே என்று நான் சொல்வேன்? கொடி காட்டினார்கள், ரயில் கிளம்பியது. அவர் என்னை இறக்கிவிட மறுத்திருந்தால் அவரைத் திட்டியாவது ஆறியிருப்பேன். அவர் மறுக்கவில்லை. யாருமே மறுக்கவில்லை. அந்த இடம்தான் இல்லை.

அருவி அழகாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. வெள்ளைப் பாறையில் வழிந்து வழிந்து விழுந்தது தண்ணீர். மகள் பாவாடையோடு இறங்கிக் கூச்சல் போட்டாள். முதலாளி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தலையை நீட்டினார். "அக்கா, வந்து காலையாச்சும் நனைங்க" என்று வீட்டம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இந்தத் தண்ணீர் எல்லாம் அந்த ஆற்றுக்குத்தானே போகிறது என்று நினைத்துக் காலை வைக்காமல் பாறையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் லீவுக்கு வந்தவர்கள், அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. குழந்தைக்கு ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டேன். அழவில்லை. பிறர் பார்க்க அழுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

தேராவுக்குத் திரும்பி வந்து ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் எல்லோரும் தொழுகைக்கும் விருந்துக்கும் போயிருந்த நேரத்தில், சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டில் பேசினேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும் என்றுதான் பேசினேன். பாலம், புல், கற்கள், பெயரில்லாத கல். "ஒரு கை சோறு வச்சேன் ஆத்தா, அய்யா சாப்பிடுங்கன்னு சொன்னேன்" என்று சொன்னேன். பட்டனை அமுக்கி நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அது அய்யா கல் இல்லை, பட்டாளத்துக்காரர் கல், நம் ஆட்களுக்குக் கல்லே இல்லையாம், ரயிலில் போனேன், எந்த வளைவு என்று தெரியவில்லை, நான் ஒன்றையும் பார்க்கவில்லை ஆத்தா என்று மீதியையும் பேசி முடித்தேன்.

கராமாக்காரர் ரூமில் ஒருவர் லீவில் போனார், அவர் கையில் கேசட்டைக் கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்து ஊர்தான் அவருக்கும். அவரே ஆத்தாவுக்குப் போட்டுக் காட்டுவதாகச் சொன்னார்.

அவர் திரும்பி வந்தபோது முறுக்குப் பொட்டலமும் கருவாடுமாகக் கடை வாசலில் வந்து நின்றார். ஆளிடம் ஒரு குழைவு தெரிந்தது.

"ஆத்தா நல்லாருக்காங்கக்கா. ஒங்கள நெனச்சுப் பெருமப்பட்டாங்க."

"கேசட்டுப் போட்டியா?"

"போட்டேன். தெருவே கூடிருச்சு. சினிமா பாக்குற மாதிரி உக்காந்துட்டாங்க. நீங்க சோறு வச்சேன்னு சொன்னீங்கள்ல, ஆத்தா ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க… எம்புள்ள சோறு வச்சிட்டா, எம்புள்ள கையால வச்சிட்டான்னு. நிப்பாட்டுப்பான்னாங்க. நிப்பாட்டிட்டேன்."

"மீதி?"

"என்ன மீதி?"

"மீதியப் போடலயா?"

அவருக்கு என் முகம் எப்படித் தெரிந்ததோ, பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டார். "போட வுடலக்கா. அப்பறம் கேக்கலாம் கேக்கலாம்னாங்க. மறுநாளே பங்காளிகள வரச் சொல்லி எல்லாம் முடிச்சிட்டாங்க. கொளத்தடியில வச்சுத்தான். நானும் நின்னேன். தாலியக் கழத்திப் பால்ல போட்டாங்க. ரொம்ப நேரம் ஆத்தா அழுகவே இல்ல. ஊர்ல எல்லாரும் கும்புட்டாங்கக்கா. எவ்வளவு மரியாத தெரியுமா?"

முதலாளி உள்ளேயிருந்து, "என்னம்மா, ஊர்ச் சேதி நல்ல சேதிதானே?" என்றார்.

"நல்ல சேதிதான் மொதலாளி" என்றேன். வேறென்ன சொல்வது? வழி தவறி வந்த ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு நான் வைத்த சோற்றில் என் ஆத்தா அறுத்துவிட்டாள் என்று யாரிடம் சொல்வது? பாஸ்போர்ட்டு முதலாளி பெட்டியில் இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பார். போய் மட்டும் என்ன செய்வேன், பாலில் போட்டதை எடுத்து மறுபடி கட்டிவிடுவேனா?

லீவு வந்தபோதுதான் போனேன். வாசலில் ஆத்தா நின்றாள். வெள்ளைச் சேலை. கழுத்தில் கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. முகம் தெளிந்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உடம்பு முன்னைக்குத் தேறியிருந்தது. படுத்ததும் தூங்கினாள். இழவு வீட்டில் இப்போது அவளுக்கு இடம் இருந்தது, பேச்சில் இடம் இருந்தது. "ஒத்த ஆளா சயாம் போயி பாத்துட்டு வந்தவ எம்மக" என்று என்னைக் காட்டி எல்லோரிடமும் சொன்னாள்.

மாடக்குழியில் விளக்குப் பக்கத்தில் அந்தக் கேசட்டு இருந்தது. சந்தனம் தொட்டு வைத்திருந்தாள். நான் எடுத்துப் பார்த்தேன். நிறுத்திய இடத்திலேயே நின்றது.

"ஆத்தா, இதுல இன்னும் இருக்கு. நீ முழுசாக் கேக்கல."

"என்ன இருக்கப் போகுது? சோறு வச்சேன்னு சொல்லிட்ட. அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?"

"இல்லாத்தா, அந்தக் கல்லு…"

"கல்லுமேல நெழலு இருந்துச்சாத்தா?"

"இருந்துச்சு" என்றேன். அது உண்மைதான்.

"ஆத்துக்குப் பக்கமா?"

"பக்கந்தான்."

"போதும்" என்று கேசட்டை என் கையிலிருந்து வாங்கி மாடக்குழியில் வைத்தாள்.

மறுநாள் அமாவாசை. குளித்துவிட்டு வந்து சோறு வடித்தாள். முதல் கவளத்தை எடுத்தாள். வட்டில் ஓரத்தில் வைக்கவில்லை. வாழையிலைத் துண்டில் வைத்து எள்ளைத் தூவி என்னிடம் நீட்டினாள்.

"நீயே வையித்தா. அங்க வச்ச கை இருக்கும்போது நான் எதுக்கு?"

நான் அசையாமல் நின்றேன். பக்கத்து வீட்டுக் கூரைகளில் எல்லாம் காக்கை கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தது. ஆத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் அத்தனை வருஷத்தில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. இலையை வாங்கினேன். கொல்லைச் சுவரின்மேல் வைத்தேன். ஒரு காக்கை வேப்பமரத்திலிருந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது, இறங்கவில்லை.

"கூப்பிடு" என்றாள் ஆத்தா.

நான்தான் கூப்பிட்டேன்.